ஆலோசகர் ஏன் ஆலோசனை சொல்வதில்லை?

கேள்வி இது: “கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாமியார் வீட்டுப் பிரச்சினையில் தூக்கமும் பசியும் போய்விட்ட என் தங்கையை, உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் மூன்று முறை அழைத்துப் போனேன். ஒவ்வொரு முறையும் ஐம்பது நிமிடம் இவளையே பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். இதைச் செய், இதைச் செய்யாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்பதற்கு வீட்டில் நாங்கள் இல்லையா? ஆலோசகர் என்பவர் உண்மையில் என்னதான் செய்கிறார்?”

குன்னூரில் 18 ஆண்டுகளாக இதே வேலையைப் பார்த்துவருகிறவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் குறையில் பாதி நியாயமானது. தாம் எந்த முறையில் வேலை செய்கிறார், ஏன் அப்படிச் செய்கிறார் என்பதை அந்த ஆலோசகர் முதல் நாளே உங்கள் தங்கைக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். மறுபாதியை, அதாவது அவர் யோசனை எதுவும் சொல்லவில்லை என்பதை, குறையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ‘ஆலோசனை மையம்’ என்று பலகை மாட்டியிருந்தால் உள்ளே ஆலோசனை கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தேயிலைச் செடியில் கொப்புள நோய் கண்டால் எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலந்து அடிப்பது என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்கிறோம். அதற்குச் சரியான விடை ஒன்று உண்டு, உங்கள் தோட்டத்துக்குச் சொன்னதை அடுத்த தோட்டத்துக்கும் சொல்லலாம். மாமியாரோடு சேர்ந்திருப்பதா, தனிக்குடித்தனம் போவதா என்பதற்கு அப்படி ஒரு விடை கிடையாது. சில கல்லூரிகளிலும் தேவாலய வட்டாரங்களிலும் இந்த வேலையை ‘ஆற்றுப்படுத்துதல்’ என்கிறார்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனுக்குத் தான் போய்வந்த வழியைச் சொல்லி அனுப்புவதுதான் ஆற்றுப்படை, அழகான சொல். ஆனால் அந்தப் பாணன் அந்த வழியில் நடந்தவன். உங்கள் தங்கையின் புகுந்த வீட்டில் நான் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

இன்று நாங்கள் செய்யும் வேலைக்கு அடித்தளம் இட்டவர்களில் முக்கியமானவர் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். உதவி நாடி வருபவரை ‘நோயாளி’ என்று அழைக்காமல் ‘கிளையன்ட்’ என்று அழைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் அவர். அதைத் தமிழில் ‘வாடிக்கையாளர்’ என்று சொன்னால் மளிகைக்கடைதான் நினைவுக்கு வருகிறது; எனவே ‘வருபவர்’ என்றே எழுதுகிறேன். 1957இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவருக்குள் மாற்றம் நிகழ ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என்று அவர் குறிப்பிட்டவை மூன்று: போலித்தனம் இல்லாமல் இருப்பது, வருபவரை நிபந்தனை வைக்காமல் மதிப்பது, அவருடைய உலகத்தை அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்துப் புரிந்துகொள்வது. புரிந்துகொண்டால் மட்டும் போதாது, புரிந்துகொள்ளப்பட்டோம் என்பது வருபவருக்கும் ஓரளவாவது தெரிய வேண்டும் என்றார். இவை அமைந்துவிட்டால் வேறெதுவும் தேவையில்லை என்று அவர் சொன்னதை எல்லோரும் ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. ஆனால் இவை இல்லாத இடத்தில் வேறு எந்த முறையும் எடுபடாது என்பது என் அனுபவம்.

கேட்பது என்றால் என்ன என்பதை ஒரு காட்சியாகச் சொன்னால்தான் விளங்கும். பலருடைய கதைகளைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய பெண், எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தபோது அவர் சிறு குழந்தை. நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டார். இ.சி.ஜி. சரியாக இருந்தது, இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. மூன்றாவது டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

“நெஞ்சுல ஒண்ணுமில்லைங்கறாங்கம்மா. ஆனா பாரமா இருக்கே.”

“பாரமா இருக்கு. எல்லாரும் ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க” என்றேன்.

“நடிக்கிறேன்னு நெனைக்கிறாங்க போல.”

அதன்பின் இரண்டு நிமிடம் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு நிமிடத்தை நிரப்பிவிடாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ளக் கடினமான வித்தை. ‘கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாகிடும்’ என்று வாய் தானாக வரும், வந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் தலையில் கூடைக் கயிறு பதியும் இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: “கூடையை இறக்கி வச்சாலும் இது இறங்க மாட்டேங்குது.” எப்போதிலிருந்து என்று கேட்டேன். பணிக்காலம் முடியப்போகிறது, முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அந்தக் கடிதம் வந்த வாரத்திலிருந்து என்றார். மகன் திருப்பூரில் இருக்கிறான், அங்கே போய்விடு என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. “சின்னப் புள்ளையில ஒரு வீட்டை வெளிய பூட்டிட்டுக் கப்பலேறினோம். அம்மா சாவியை முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்தாங்க. இப்ப நான் எதை முடியறது?”

அந்த வீட்டை நான் வாங்கிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் அதுவரை ‘நெஞ்சுவலி’ என்ற ஒரே பெயரில் அடைந்து கிடந்தது இரண்டாகப் பிரிந்தது: கடந்துபோன ஓர் இழப்பு, வரப்போகிற ஓர் இழப்பு. முதலாவதற்கு அழவேண்டியிருந்தது, அழுதார். இரண்டாவதற்குச் செய்யக்கூடிய வேலைகள் இருந்தன: பணிக்கொடைக் கணக்கைப் பார்ப்பது, வீட்டுமனைக்கு மனு கொடுப்பது, மகனிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்க விரும்பவில்லை என்று முடிவு செய்வது. அவற்றின் வரிசையை அவர்தான் போட்டார். பாரம் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. ஐந்தாவது முறை வந்தபோது “ராத்திரியில மட்டும் வருது” என்றார்.

நீங்கள் கேட்டீர்களே, கேட்பதற்கு வீட்டில் நாங்கள் இல்லையா என்று. இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் தங்கை சொல்வது எதுவும் உங்களைப் பாதிக்காமல் போகாது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், மச்சானிடம் போய்க் கேட்பீர்கள், அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும் என்பதால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பொறுக்கியெடுத்துத்தான் வீட்டில் பேசுவாள். என் அறையில் அப்படிப் பொறுக்க வேண்டியதில்லை.

யோசனை சொல்வதில் நான் எச்சரிக்கையாக இருப்பதற்கு என் சொந்தத் தவறு ஒன்றும் காரணம். வேலைக்கு வந்த புதிதில், கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று வருந்திய இளம் பெண்ணிடம், “ஒரு நாள் சாயங்காலம் தனியா உட்கார்ந்து மனசுவிட்டுக் கேட்டுப் பாருங்க” என்றேன். யாரும் சொல்லக்கூடிய, தீங்கில்லாத யோசனை என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலமே கேட்டிருக்கிறார். கணவர் குடித்துவிட்டு வந்திருந்தார், அடித்துவிட்டார். அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை, அவருடைய அண்ணி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கணவர் அடிப்பாரா என்று நான் கேட்டிருக்கவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அது தெரியும். ‘மேடம் சொல்லிட்டாங்க’ என்பதற்காகத் தெரிந்தே செய்திருக்கிறார். எங்களைப் போன்றவர்களின் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு இங்கே இருக்கும் எடை அப்படிப்பட்டது. அன்றிலிருந்து, வீட்டில் யாராவது கை நீட்டுவார்களா, பயமாக இருக்கிறதா என்ற கேள்வியைக் கூட வந்தவரை வெளியே உட்காரவைத்துவிட்டு முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுகிறேன். உங்களை வெளியே உட்காரச் சொன்னதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கக்கூடும். வன்முறை இருக்கிறது என்றால், பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை அவர் மனப்பாடம் செய்யும்வரை விடுவதில்லை.

அப்படியென்றால் எதையுமே நேராகச் சொல்ல மாட்டோமா என்றால், சொல்வோம். சில இடங்களில் உத்தரவு போலவே சொல்வோம். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்போம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடுவதில்லை. இருக்கிறது என்றால், தோட்டத்துக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்தை இன்றே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும் என்று குடும்பத்திடம் சொல்வோம். கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாத அந்தச் சில மணி நேரமே பலரைக் காப்பாற்றிவிடுகிறது. இரவில் யாரையும் பிடிக்க முடியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மறைக்கிற குடும்பங்களை இன்னும் பார்க்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. அதேபோல, நாள் தவறாமல் அதிகம் குடிப்பவரிடம் ‘நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்திவிடு’ என்று சொல்லிவிடாதீர்கள் என்று எச்சரிப்போம். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரை போகலாம். டாக்டரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். தூக்கமும் பசியும் போன உங்கள் தங்கை போன்றவர்களை, தைராய்டு, இரத்தசோகை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வரச் சொல்வதும் இதில் சேரும்.

கேட்பதற்கு மேல் என்ன செய்கிறோம் என்பது வருபவரைப் பொறுத்தது. எனக்கு மிகவும் கைகொடுப்பது ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிதல் சிகிச்சையின் வழிகள்: ஒரு நிகழ்ச்சிக்கும் அதனால் வரும் வேதனைக்கும் நடுவில் மின்னி மறையும் எண்ணத்தைப் பிடித்து, அது எவ்வளவு தூரம் உண்மை என்று இருவரும் சேர்ந்து பார்ப்பது. எழுதப் பழகாதவர்களிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்துப் பயனில்லை. தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம், அன்றைய மனநிலைக்கு வெயில், மேகம், மழை என்று மூன்றில் ஒரு படம் போட்டு, அன்று செய்த ஒரு வேலைக்கும் ஒரு குறி போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். நான்கு வாரத் தாள்களை மேசையில் பரப்பினால், பக்கத்து வீட்டம்மாவோடு சேர்ந்து விறகு பொறுக்கப் போன நாட்களில் மழை குறைவாக இருப்பது அவர் கண்ணுக்கே தெரியும். நான் சொல்லத் தேவையில்லை. மனச்சோர்வின் அளவைப் பார்க்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் உண்டு, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27 மதிப்பெண். 10ஐத் தொட்டால் இன்னும் கூர்ந்து பார்ப்போம். படிவத்தை நம்புகிறேன், ஆனால் அந்தத் தாள்களைத்தான் அதிகம் நம்புகிறேன்.

குடியை விட முடியாதவர்களிடம் வேறு வழி. வில்லியம் மில்லர் 1983இல் எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த ‘ஊக்குவிக்கும் உரையாடல்’ என்ற முறை, மாறுவதற்கான காரணத்தை வருபவரின் வாயாலேயே வரவழைக்கப் பார்க்கிறது. ‘குடிக்காதே’ என்பதை அவர் ஆயிரம் முறை கேட்டிருப்பார். ஒவ்வொரு முறையும் குடிக்கும் பக்கத்துக்காக வாதாடிப் பழகியிருப்பார். குடி உங்களுக்கு என்ன கொடுக்கிறது என்று ஒருவரிடம் கேட்டேன். “குளிருக்குத்தான் மேடம்” என்றார். மலையில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது. (உண்மையில் குடித்தால் தோலுக்கடியில் இரத்தக்குழாய்கள் விரிவதால் சூடாகத் தோன்றுமே தவிர, உடம்பு சூட்டை இழக்கத்தான் செய்கிறது.) நான் அதைச் சொல்லவில்லை. “ஏப்ரல், மே மாசத்துல?” என்று மட்டும் கேட்டேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மகளின் பள்ளிக்கூட விழாவுக்குத் தான் போகாததைப் பற்றிப் பேச்சு வந்தது.

இந்த மலையில் இந்த வேலைக்கென்று சில சிக்கல்கள் உண்டு, அவற்றில் பெரியது இரகசியம். மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல் இரகசியமாகக் காக்கப்படுவது அவருடைய உரிமை என்று மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்வது சரி, மினிபஸ்ஸில் என்ன செய்வது? என் கட்டிடத்தின் படியில் ஏறுகிறவரை எதிர்க்கடையில் டீ குடிப்பவருக்குத் தெரியும், அவருடைய சித்தப்பாவையும் தெரியும். அதனால் மார்க்கெட்டில் பார்த்தால் நீங்களாக வணக்கம் சொல்லாதவரை நான் உங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். உறவினர்களான இருவர் என்னிடம் வந்தால் ஒருவர் கதையை மற்றவரிடம் கண்ணசைவில்கூடக் காட்டிவிடக் கூடாது. கஷ்டம் என்று பட்டால் ஒருவரை வேறு ஆலோசகரிடம் அனுப்பிவிடுவேன். இரகசியத்துக்கு எல்லையும் உண்டு: உயிருக்கு ஆபத்து என்றாலும், குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தாலும் சொல்லியே ஆகவேண்டும், இரண்டாவதைப் புகார் செய்வது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். இந்த எல்லையையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும்.

அடுத்தது மொழி. படுகர்களின் மொழியான படுகு பேசும் வீட்டிலிருந்து வருபவர்கள் என்னிடம் தமிழில்தான் தொடங்குவார்கள், தடங்கலில்லாமல் பேசுவார்கள். ஆனால் அப்பாவின் மறைவைப் பற்றிச் சொல்லும்போது வாக்கியம் பாதியில் நின்றுவிடும். அப்போது, “உங்க பாஷையிலேயே சொல்லுங்க, எனக்குப் புரியாததைப் பிறகு கேட்டுக்கறேன்” என்பேன். கூடலூர்ப் பக்கத்திலிருந்து மலையாளம் கலந்து பேசுகிறவர்களிடமும் அப்படித்தான். எனக்கு முழுதாகப் புரிகிறதா என்பதைவிட அவருக்குச் சொல் கிடைப்பது முக்கியம்.

உறவுமுறையும் அப்படி ஒரு சிக்கல்தான். மூன்றாவது முறை வரும்போது ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்துவிடுகிறது. மறுப்பதில்லை, மறுத்தால் முகத்தில் அடித்தது போலாகும். ஆனால் அக்கா என்றால் பக்கம் பார்க்க வேண்டும், “நீங்களே சொல்லுங்கக்கா, யார் மேல தப்பு?” என்ற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் அங்கே, “தீர்ப்பு சொன்னா உங்களுக்கு ஒரு நாள் நல்லா இருக்கும், மறுநாள் அதே வீட்டுக்குத்தானே போகணும்?” என்பேன். சிலருக்கு ஏமாற்றம்தான்.

இனி உங்கள் தங்கை விஷயம். ஆலோசகரும் வருபவரும் சேர்ந்து வேலை செய்வதற்கு மூன்று வேண்டும் என்று எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதினார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒரு பிடிப்பு. நான்காவது முறை போகும்போது உங்கள் தங்கை இதையே கேட்கலாம்: “நாம் எதை நோக்கிப் பேசிக்கொண்டிருக்கிறோம்? நான் நன்றாகி வருகிறேன் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?” நல்ல ஆலோசகர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், மகிழ்ச்சிதான் அடைவார். மழுப்பினாலோ, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கதை கேட்பது போல நடந்துகொண்டாலோ, தம் சொந்த மத நம்பிக்கையையும் குடும்ப அனுபவத்தையும் அவள்மேல் ஏற்றினாலோ, தயங்காமல் வேறொருவரைப் பாருங்கள். அவருடைய படிப்பையும் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு இருக்க வேண்டும். மருந்து எழுதும் அதிகாரம் மனநல மருத்துவர் போன்ற டாக்டர்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை. தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டி, வேலையும் ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரையும் பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் ஒன்றாக நடக்கலாம்.

உங்கள் பங்குக்கு ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வரும் வழியில், “இன்னைக்கு என்ன சொன்ன, அவங்க என்ன சொன்னாங்க” என்று கேட்காதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மழையைப் பற்றியோ பச்சைத்தேயிலை விலையைப் பற்றியோ பேசிக்கொண்டு வாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை மூடினால் போனிலும் தொடரலாம். அவள் போனில் பேசுவதற்கு வீட்டில் தனி இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் பேசுகிற ஒருவர் வியாழக்கிழமை தோறும் குடையைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக்கு மேலே இருக்கும் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றுதான் பேசுகிறார். ஐம்பது நிமிடம் நிற்க முடியாது என்பதால் அவருக்கு முப்பது நிமிடமாகக் குறைத்துக்கொண்டோம்.